கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம்

(சடையங்குப்பத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறிஞர் ஒருவரின் பணியை எடுத்துக்கொண்டு பேசும்படி அறக்கட்டளையினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். என் துறை மின்னாளுகை. பட்டா, சான்றிதழ், ரேஷன், ஓய்வூதியம் எல்லாம் பதிவேட்டிலிருந்து கணினிக்குப் போகும்போது அவற்றை நம்பி வாழ்கிற மக்களுக்கு என்ன ஆகிறது என்று ஆராயும் துறை அது. இந்தியாவில் அந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் அகமதாபாத் ஐஐஎம்மில் பேராசிரியராக இருந்த சுபாஷ் பட்நாகர். அவருடைய பெயர் இந்த ஊரில் யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்வி இந்த ஊரில் தினமும் எழுகிறது. இ-சேவை மையத்துக்கு எத்தனை தடவை நடக்க வேண்டியிருந்தது, எவ்வளவு செலவானது, ஒருநாள் கூலி போனதா, கடைசியில் காரியம் நடந்ததா? இதை அளந்து பார்ப்பதே தன் வேலை என்று ஒரு பேராசிரியர் முடிவு செய்தார். அதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

அவர் இந்த வேலைக்குள் வந்த காலத்தை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். தேசிய தகவலியல் மையம் 1976இல் தொடங்கியது. மாவட்டத் தலைநகரங்களைச் செயற்கைக்கோள் வழியாக இணைக்கும் நிக்நெட் 1980களின் பிற்பகுதியில் வந்தது. ஆட்சியர் அலுவலகத்தில் குளிரூட்டிய தனி அறை, உள்ளே ஒரு கணினி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டும். அந்தக் கணினி மேலிடத்துக்குப் புள்ளிவிவரம் அனுப்பியது. மனுக் கொடுக்க வந்தவருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அந்தக் காலத்திலேயே, 1988இல், வளரும் நாடுகளில் கணினி என்ன செய்கிறது என்பது பற்றி டெல்லியில் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கு நடந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர்களில் பட்நாகர் ஒருவர். தகவல் செயலாக்கத்துக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பில் இதற்கென்றே 9.4 என்று ஒரு பணிக்குழு அமைந்தபோது அதன் முதல் தலைவரானார். ஒரு செய்திமடலையும் நடத்தினார். ஆப்பிரிக்காவிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் தெற்காசியாவிலும் தனித்தனியாக உழன்றுகொண்டிருந்த ஆய்வாளர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டது அந்த மடலின் வழியாகத்தான். ஒரு துறை புத்தகங்களால் மட்டும் உருவாவதில்லை. கடிதம் எழுதி, கூட்டம் கூட்டி, மற்றவர்களின் கட்டுரையைத் திருத்திக் கொடுக்கும் ஆள் ஒருவர் வேண்டும். அந்த உழைப்பு பட்நாகருடையது.

அவருக்குப் பெரிய வாய்ப்பு 2000ஆம் ஆண்டை ஒட்டி வந்தது. அப்போது நாடெங்கும் மாநில அரசுகள் கணினியைக் குடிமக்களின் பக்கம் திருப்பத் தொடங்கியிருந்தன. ஆந்திரத்தில் 1998இல் பத்திரப்பதிவுக்கு ‘கார்ட்’ வந்தது. மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 2000 ஜனவரியில் ‘ஞான்தூத்’ கிராமக் கணினி மையங்கள் திறந்தன. கேரளத்தில் கட்டணங்களை ஒரே இடத்தில் கட்டும் ‘ஃபிரெண்ட்ஸ்’ மையம் அதே ஆண்டு தொடங்கியது. தமிழ்நாட்டுப் பதிவுத் துறையின் ‘ஸ்டார்’ திட்டமும் 2000இல்தான். திருவாரூரில் சி. உமாசங்கர் ஆட்சியராக இருந்தபோது வட்டாட்சியர் அலுவலகங்களையே கணினிக்கு மாற்றியதை நம் மாநிலத்தில் இன்றும் முன்னோடி முயற்சி என்று சொல்கிறார்கள். கர்நாடகத்தில் ‘பூமி’ வந்தது.

பூமியை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கர்நாடகத்தில் நில உரிமை, பயிர், குத்தகை விவரங்களைக் கொண்ட ஆவணத்தைச் சுமார் 9,000 கிராமக் கணக்கர்கள் கையால் எழுதிப் பராமரித்தார்கள். வங்கிக் கடனுக்கு, வழக்குக்கு, ஜாமீனுக்கு, எதற்கும் அந்த நகல் வேண்டும். கணக்கர் ஊரில் இருந்தால்தான் கிடைக்கும், மனம் வைத்தால்தான் கிடைக்கும். ஏறக்குறைய 67 இலட்சம் நிலவுடைமையாளர்களின் 2 கோடி ஆவணங்களைக் கணினியில் ஏற்றி, 177 தாலுகா அலுவலகங்களில் கவுன்ட்டர் திறந்து, 15 ரூபாய்க்கு நகல் கொடுத்தார்கள். கவுன்ட்டரில் இரண்டு திரைகள் இருந்தன. ஒன்று ஊழியரைப் பார்த்திருந்தது. இன்னொன்று விவசாயியைப் பார்த்திருந்தது. தன் பெயரை எப்படி அடிக்கிறார்கள் என்று அவரும் பார்க்கலாம். என்னைப் பொறுத்தவரை அந்த இரண்டாவது திரைதான் இந்திய மின்னாளுகையின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு. இன்றைக்கும் பல மையங்களில் அது இல்லை.

பெங்களூரின் பொது விவகார மையம் 2002இல் ஓர் ஆய்வு செய்தது. பழைய முறையில் நகல் பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் லஞ்சம் கொடுத்ததாகச் சொன்னார்கள். பூமி கவுன்ட்டரில் அது 3 சதவீதம். பட்நாகர் இந்த முறையைத்தான் பற்றிக்கொண்டார். அதிகாரியிடம் போய்த் திட்டம் எப்படி நடக்கிறது என்று கேட்டால் நன்றாக நடக்கிறது என்றுதான் சொல்வார். வாசலில் நின்று, வெளியே வருகிறவரிடம் கேட்க வேண்டும். பழைய முறையில் போனவர், புதிய முறையில் போனவர் என்று இரு தரப்பையும் கேட்டு ஒப்பிட வேண்டும். எத்தனை நடை, எத்தனை மணி நேரக் காத்திருப்பு, எவ்வளவு பயணச் செலவு, லஞ்சம் உண்டா, வந்த தாளில் பிழை உண்டா? பின்னாளில் பல மாநிலத் திட்டங்களை ஒரே அளவுகோலால் அளந்த பெரிய ஆய்வையும் அவருடைய குழு இந்த வழியில்தான் செய்தது. உலக வங்கியில் சில ஆண்டுகள் இருந்தபோதும் இதையே வலியுறுத்தினார். 2004இலும் 2009இலும் மின்னாளுகை பற்றி இரண்டு நூல்கள் எழுதினார்.

அளந்து பார்த்தால் சங்கடமான உண்மைகளும் வெளியே வரும். ஞான்தூத் 2000இலேயே ஸ்டாக்ஹோமில் விருது வாங்கியது. உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்து பார்த்துப் போனார்கள். பின்னர் அகமதாபாத் ஐஐஎம் மின்னாளுகை மையம் நேரில் போய் ஆராய்ந்தபோது, பல மையங்களில் நாளுக்கு ஒருவர் வருவதே அரிதாக இருந்தது. மின்சாரம் இல்லை, இணைப்பு இல்லை, சேவை கொடுக்க வேண்டிய அலுவலகத்தின் பின்கட்டில் எதுவும் மாறவில்லை. ஆந்திரத்தின் கார்ட் திட்டத்தைப் பற்றி ஜொனாதன் கேஸ்லி 2004இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி’யில் எழுதினார். கணினி வந்தபிறகும் பத்திர எழுத்தர் வழியாகவே மக்கள் போனார்கள், கைமாறும் பணமும் தொடர்ந்தது. கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் ஒரே மாதிரிக் கணினிதான். ஆனால் பூமியில் கணக்கரின் கையெழுத்துப் பிரதி செல்லாது என்று அரசே அறிவித்துவிட்டது. கார்டில் இடைத்தரகரின் வழி திறந்தே இருந்தது.

மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் ஹீக்ஸ் 2003இல் ஒரு மதிப்பீட்டைச் சொன்னார். வளரும் நாடுகளின் மின்னாளுகைத் திட்டங்களில் 35 சதவீதம் முழுத் தோல்வி, 50 சதவீதம் பகுதித் தோல்வி, 15 சதவீதம் வெற்றி. திட்டத்தை வரைந்தவர் மனத்தில் இருந்த அலுவலகத்துக்கும் உண்மையான அலுவலகத்துக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் தோல்வியின் அளவு என்றார். தலைநகரத்தில் வரையப்படும் படிவங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாதம் நினைவுக்கு வரும்.

பட்நாகர்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் அவர் அளவுகோலில் ஒரு குறை இருந்தது. நகல் வாங்கியவருக்கு என்ன நன்மை என்று அளந்தார்கள். ஆவணம் எல்லோருக்கும் எளிதாகக் கிடைத்ததால் யார் யார் நிலத்தை யார் யார் வாங்கினார்கள் என்று அளக்கவில்லை. 2007இல் சாலமன் பெஞ்சமினும் ஆர். புவனேஸ்வரியும் மற்ற இருவரும் சேர்ந்து பெங்களூரு சுற்றுவட்டாரத்தில் செய்த ஆய்வு அதைத்தான் காட்டியது. ஊருக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளக்கூடிய உரிமைகள் மறைந்து, பெரிய நிறுவனங்கள் நிலம் திரட்டுவது சுலபமானது என்று எழுதினார்கள். லஞ்சம் குறைந்ததும் உண்மை. சிறு உடைமையாளரின் பிடி தளர்ந்ததும் உண்மை. மின்னாளுகையைப் படிக்கும் மாணவர்கள் பொது விவகார மையத்தின் ஆய்வையும் பெஞ்சமின் குழுவின் ஆய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

இன்னும் ஆழமான எச்சரிக்கை நெதர்லாந்திலிருந்து வந்தது. மார்க் போவென்ஸ், ஸ்டாவ்ரோஸ் ஸூரிடிஸ் என்ற இரு அறிஞர்கள் 2002இல் எழுதிய கட்டுரை அது. முன்பு கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த ஊழியருக்குக் கொஞ்சம் அதிகாரம் இருந்தது. ‘சரிம்மா, இந்தத் தாள் அடுத்த வாரம் கொண்டா’ என்று சொல்ல முடிந்தது. கணினி வந்தபிறகு அந்த அதிகாரம் மென்பொருளை எழுதுகிறவரிடம் போய்விடுகிறது. அவர் யார், எங்கே இருக்கிறார், அவரிடம் எப்படி முறையிடுவது என்று யாருக்கும் தெரியாது. இதை எழுதியவர்களின் நாட்டிலேயே, குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்ததாகப் பல்லாயிரம் பெற்றோர்கள்மேல் பொய்யாகக் குற்றம் சுமத்தப்பட்டது. கணினி போட்ட ஆபத்துக் கணக்குக்கும் அதில் பங்கு இருந்தது. வெளிநாட்டு வேர் கொண்ட குடும்பங்கள் அதிகம் சிக்கின. வீடிழந்தார்கள், கடனில் மூழ்கினார்கள். 2021 ஜனவரியில் அந்த அரசே பதவி விலகியது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

சடையங்குப்பம் 2011 வரை கிராம ஊராட்சி. அந்த ஆண்டு சென்னை மாநகராட்சியோடு 42 உள்ளாட்சி அமைப்புகளைச் சேர்த்தபோது, அவற்றில் இருந்த 25 ஊராட்சிகளில் இதுவும் ஒன்று. மணலி மண்டலத்துக்குள் வந்தது. 2018இல் சென்னை மாவட்டத்தின் எல்லை விரிந்தபோது திருவள்ளூர் மாவட்டத்திலிருந்தும் பிரிந்தது. ஆற்றங்கரையும் ஆடுமாடும் அப்படியே இருந்தன, பூண்டி ஏரியைத் திறந்தால் வீட்டுக்குள் வருகிற வெள்ளமும் அப்படியே இருந்தது. மாறியதெல்லாம் தரவுத்தளத்தில் உள்ள ஒரு கட்டம். ஊரகம் என்று இருந்த இடத்தில் நகரம் என்று வந்தது. அந்த ஒரு கட்டத்தால் நூறு நாள் வேலைத் திட்டம் இந்த ஊருக்கு இல்லாமல் போனது. ஏனென்றால் அது சட்டப்படி ஊரகப் பகுதிகளுக்கு மட்டும் உரியதாக இருந்தது. எந்த அதிகாரியும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. எல்லையை மாற்றும்போது அந்த எல்லையோடு என்னென்ன உரிமைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று பட்டியல் போட்டுப் பார்க்க ஆள் இல்லை. ஒரு மின்னாளுகை ஆய்வாளர் அங்கே இருந்திருக்க வேண்டும்.

ரேஷனை எடுத்துக்கொள்வோம். 1997இல் மத்திய அரசு வறுமைக் கோட்டை வைத்து ரேஷனைப் பிரித்தபோது, தமிழ்நாடு எல்லோருக்கும் பொதுவான முறையைக் கைவிடவில்லை. அது நம் மாநிலம் எடுத்த மிக நல்ல முடிவுகளில் ஒன்று. யார் ஏழை என்று கணினி தீர்மானிக்க வேண்டிய அவசியமே இங்கே இல்லை. 2017 ஏப்ரலில் ஸ்மார்ட் கார்டு வந்தது. பொருள் வாங்கியதும் செல்பேசிக்குக் குறுஞ்செய்தி வருவதால், வாங்காத சர்க்கரையை வாங்கியதாக எழுதுவது கடினமானது. இதையெல்லாம் மனமாரப் பாராட்ட வேண்டும். 2020 அக்டோபரில் பொருள் வாங்கக் கைரேகை வைக்கும் முறை வந்தது.

ஒரு கடையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கடையின் பெயர் வேண்டாம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் கையால் துழாவி இறால் பிடிப்பவர். விரலை இயந்திரத்தில் வைத்தார். சிவப்பு விளக்கு. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். சிவப்பு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், இடக்கை என்று மாற்றி மாற்றி வைத்தார். மட்டிச் சிப்பி கீறிக் கீறி விரல் நுனியில் கோடுகளே தேய்ந்து போயிருந்தன. பின்னால் வரிசையில் நின்றவர்கள், ‘அக்கா, எண்ணெய் தடவிட்டு வாக்கா’ என்றார்கள். விற்பனையாளர் நல்ல மனிதர். ‘வீட்ல வேற யாராவது இருந்தா அனுப்புமா’ என்றார். அவர் வீட்டில் வேறு யாரும் இல்லை. உழைப்பே அவருடைய அடையாளத்தை அழித்திருந்தது. பின்னர் கருவிழிப் பதிவு வந்து இந்தச் சிரமம் ஓரளவு குறைந்திருக்கிறது. ஆனால் எத்தனை பேருக்கு எத்தனை முறை சிவப்பு விளக்கு எரிந்தது என்பதை வைத்து ஒரு கடையின் தரத்தை மதிப்பிடும் பழக்கம் இன்னும் வரவில்லை. எத்தனை பேருக்குப் பொருள் கொடுத்தோம் என்பது அறிக்கையில் வருகிறது. திரும்பிப் போனவர் எந்த அறிக்கையிலும் வருவதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. ஊர் நீரில் மூழ்கியது. பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரை எண்ணெய் படர்ந்தது. அரசு இரண்டு விதமாக நிவாரணம் கொடுத்தது. வெள்ளத்துக்கு ரேஷன் கடையில் டோக்கன் கொடுத்து 6,000 ரூபாய். சென்னையில் கார்டு வைத்திருந்தவர்களுக்கு அது பெரும்பாலும் விரைவாகச் சேர்ந்தது. எல்லோரும் இருக்கும் பட்டியல் ஒன்று ஏற்கெனவே கையில் இருந்ததுதான் அதற்குக் காரணம். எண்ணெய்க் கசிவுக்கு வேறு கணக்கு: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000, மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. இங்கேதான் கேள்வி தொடங்குகிறது. யார் மீனவர்? படகு வைத்திருப்பவர் பதிவேட்டில் இருக்கிறார். கையால் இறால் பிடிக்கிறவர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார்? படகும் இல்லை, வலையும் இல்லை, அவருடைய தொழிற்கருவி அவருடைய இரண்டு கைகள். எண்ணெய் முதலில் ஒட்டியது அந்தக் கைகளில்தான்.

இந்த ஊரில் வாழும் இருளர் பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் பெறுவதும் அப்படித்தான். விண்ணப்பம் இ-சேவை மையத்தில் நொடியில் பதிவாகும். ஒப்புகைச் சீட்டு உடனே கையில் வரும். பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியர் விசாரித்துத்தான் தர வேண்டும் என்பதால் அதற்குப் பிறகு பழைய காலம் ஆரம்பமாகிறது. அப்பாவிடம் சான்றிதழ் இருக்கிறதா, தாத்தாவின் பெயரில் ஏதேனும் ஆவணம் உண்டா என்கிறார்கள். ஏரிக்கரையிலும் செங்கல் சூளையிலும் இடம் மாறி மாறி வாழ்ந்த குடும்பத்தில் தாத்தாவின் தாள் எங்கே இருக்கும்? முன்கட்டில் கணினி, பின்கட்டில் 1950கள். ஞான்தூத்தில் கண்ட அதே நோய்.

இந்தப் பகுதியில் தரவு என்றால் என்ன என்பதை எண்ணூர்க் கழிமுகத்தின் வரைபடம் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தது. 1996இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடற்கரை மண்டல வரைபடத்தில் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட நீர்ப்பகுதியாக இருந்தது. பின்னாளில் புழங்கிய இன்னொரு வரைபடத்தில் அதன் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தித்தான் இந்த வேறுபாட்டை வெளியே கொண்டுவந்தார்கள். அலை ஏறி இறங்குகிற ஓர் ஆற்றை ஒரு தாள் இல்லை என்று சொல்லிவிட முடிகிறது. அப்படியிருக்கும்போது ஒரு குடும்பத்தை இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

கணினியை எதிர்த்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வருமானச் சான்றிதழுக்காக வாரக்கணக்கில் கிராம நிர்வாக அலுவலரைத் தேடி அலைந்த காலத்தை நான் விரும்பவில்லை. ஆனால் 2025 ஜூலையில் ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்கள் தொடங்கியதைக் கவனியுங்கள். நகரப் பகுதிகளில் 13 துறைகளின் 43 சேவைகள், ஊரகப் பகுதிகளில் 15 துறைகளின் 46 சேவைகள். அதிகாரிகள் பந்தலில் வந்து உட்கார்ந்து நேரில் மனு வாங்கினார்கள். இத்தனை ஆண்டுகள் இணையச் சேவை நடந்தபிறகும் மக்கள் பந்தலுக்குத் திரண்டு வந்தார்கள் என்றால், திரையில் தீராத எது அங்கே தீர்ந்தது என்று ஆராய வேண்டும். ஒரு முனைவர் பட்டத்துக்கு இதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தெரியவில்லை.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். சர் தியாகராயா கல்லூரியிலிருந்தும் பாரதி மகளிர் கல்லூரியிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். மின்னாளுகை படிக்க, அதற்குப் பெயர்பெற்ற எஸ்தோனியாவுக்குப் போக வேண்டியதில்லை. போகக் கிடைத்தால் போங்கள், அங்கே கற்க நிறைய இருக்கிறது. ஆனால் பட்நாகர் முறையில் ஓர் ஆய்வை இந்த ஊரிலேயே தொடங்கலாம். வீடு வீடாகப் போக வேண்டும். கடந்த ஓராண்டில் எந்தெந்தச் சேவைக்கு விண்ணப்பித்தீர்கள்? எத்தனை நடை, எவ்வளவு கூலி போனது? ஓடிபி யாருடைய செல்பேசிக்கு வந்தது? ஆதாரில் ஒரு மாதிரி, கார்டில் ஒரு மாதிரி என்று இனிஷியல் மாறியதால் திரும்பிய மனு உண்டா? நிராகரித்தபோது காரணம் தமிழில், புரிகிற மாதிரி சொன்னார்களா? இவற்றோடு பட்நாகர் கேட்காத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கவே போகாதவர் வீட்டில் யார், ஏன் போகவில்லை?

வினாப்படிவத்தின் முதல் வரைவு ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன். அதை இங்குள்ள தாய்மார்கள் முதலில் படித்து, எந்தக் கேள்வி அபத்தம், எது விடுபட்டது என்று சொல்ல வேண்டும். அவர்கள் திருத்தியபிறகே அது களத்துக்குப் போகும். கிடைக்கும் முடிவுகளை மண்டல அலுவலகத்துக்கும் வட்டாட்சியருக்கும் கொடுப்பதற்கு முன்னால், இதே இடத்தில் ஊர்க் கூட்டம் கூட்டிப் படித்துக் காட்டுவோம். வர விரும்பும் மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் பெயர் கொடுங்கள். பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில் இந்த ஊரின் பர்மா நகரிலிருந்து தொடங்கலாம்.